அந்தக் கதிரையின் மரம் எங்கிருந்து வந்தது?

1960 செப்டெம்பர் 26. கென்னடியும் நிக்ஸனும் சிக்காகோவில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் விவாதத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பு வெள்ளைக் காட்சியை யூடியூப்பில் இப்பவும் பார்க்கலாம். கென்னடியின்ர சிரிப்பையும் நிக்ஸனின்ர வியர்வையையும் பற்றி நிறையப்பேர் எழுதிவிட்டார்கள். நீங்கள் ஒருக்கா கொஞ்சம் கீழ பாருங்கோ. ரெண்டு பேரும் இருக்கிறது ஒரே மாதிரியான மரக்கதிரைகளில். முதுகும் கையும் ஒரே வளைவாக ஓடுகிற அந்தக் கதிரையை 1949இல் வடிவமைத்தவர் ஹான்ஸ் வெக்னர் என்ற டென்மார்க்காரர். செய்தது யொஹானஸ் ஹான்சன் என்பவரின் தச்சுப் பட்டறை. அமெரிக்காவில் அதற்குத் தனிப் பெயர்கூட வைக்கவில்லை. வெறும் 'கதிரை' எண்டு சொன்னாலே விளங்குமாம்.

டென்மார்க் சின்ன நாடு. அங்கே செய்த மரக்கதிரைகள் எப்படி இருபதே வருடத்தில் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தன?

கதை 1924இல் தொடங்குகிறது. கோப்பன்ஹேகனிலிருந்த அரச நுண்கலைக் கழகத்தில் தளபாடத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் கோரே கிளிண்ட். புதுசாக எதையாவது கண்டுபிடியுங்கள் என்று அவர் மாணவர்களைத் துரத்தவில்லை. பழைய கதிரைகளைக் கொண்டுவந்து அங்குலம் அங்குலமாக அளந்து வரையச் சொன்னார். மனித உடம்பையும் அளந்தார்கள்: முழங்கால் எந்த உயரத்தில் மடிகிறது, முதுகு எந்த இடத்தில் தாங்கலைக் கேட்கிறது. நல்ல கதிரை ஏற்கெனவே உலகத்தில் எங்கேயோ இருக்கிறது, அதைத் திருத்தினால் போதும் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்தத் தேடலில் எங்கட பக்கமும் வருகிறது. இந்தியாவில் ரூர்க்கி என்ற ஊரில் பிரித்தானிய இந்தியப் படையின் பொறியியல் பிரிவு இருந்தது. அந்த ஊரின் பெயரிலேயே ஒரு முகாம் கதிரை உண்டு. ஆணி இல்லை, பசை இல்லை. கழற்றிக் கட்டிக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போகலாம். கிளிண்ட் 1933இல் வடிவமைத்த 'சஃபாரி' கதிரை அதன் வழிவந்ததுதான். வெக்னரும் 1944இல் பழைய சீனக் கதிரைகளைப் பார்த்தே தன்னுடைய 'சீனக் கதிரை'யைச் செய்தார். 'ஸ்கண்டிநேவிய பாணி' என்று நாங்கள் சொல்வதற்குள் ஆசியா ஆரம்பத்திலேயே இருந்திருக்கிறது.

படிப்பு ஒரு பக்கம் என்றால், மற்றப் பக்கம் தச்சர்கள். தொழிற்சாலைத் தளபாடங்கள் மலிவாக வரத் தொடங்கியதும் கோப்பன்ஹேகன் தச்சர் சங்கம் 1927இலிருந்து வருடாவருடம் ஒரு கண்காட்சி நடத்தியது. ஒரு வடிவமைப்பாளரும் ஒரு தச்சரும் சோடியாகச் சேர்ந்து புதிய வேலை ஒன்றைக் காட்ட வேண்டும். அதற்குப் போட்டியும் இருந்தது. நாற்பது வருடம், போர்க் காலத்திலும்கூட, இது நடந்தது.

இதில் உருவான பெரிய சோடி ஃபின் யூலும் நீல்ஸ் வோடரும். யூல் கட்டடக் கலைஞர். அவருடைய 1945ஆம் ஆண்டுச் சாய்கதிரையில் இருக்கையும் முதுகும் மரச்சட்டத்தில் முழுசாக ஒட்டியிருக்காது. மெத்தை காற்றில் மிதக்கிற மாதிரித் தெரியும். கை வைக்கும் இடம் கத்தி முனை போல மெலிந்து போகும். இதைத் தாளில் வரைவது லேசு. மரத்தில் மூட்டுப் போட்டு, ஆள் இருந்தால் முறியாமல் செய்து காட்டினவர் வோடர். 1949இல் இருவரும் கொண்டுவந்த 'தலைவன்' கதிரையில் டென்மார்க் அரசரே கண்காட்சியில் உட்கார்ந்து பார்த்தார்.

அரசருக்குச் சரி, சனத்துக்கு? அதற்கும் ஒரு பதில் இருந்தது. டென்மார்க் நுகர்வோர் கூட்டுறவு இயக்கம் 1942இல் கிளிண்டின் மாணவரான பொயர்கே மோகன்சனைத் தன் தளபாடப் பிரிவுக்குப் பொறுப்பாக வைத்தது. சாதாரணத் தொழிலாளர் குடும்பம் வாங்கக்கூடிய, உறுதியான கதிரைகளை அவர் வரைந்தார். 1947இல் வந்த அவருடைய ஒரு கதிரையை 'மக்கள் கதிரை' என்றே அழைத்தார்கள். இந்த வரலாற்றில் எனக்கு ஆகப் பிடிச்ச பகுதி இதுதான்.

இனி மரத்துக்கு வருவோம். ஐம்பதுகளில் ஏற்றுமதி பெருகியபோது இந்தக் கதிரைகளின் முகமாக மாறியது தேக்கு. டென்மார்க்கில் தேக்கு வளராது. ஆனால் டென்மார்க்கின் கிழக்காசியக் கம்பனி 1897இலேயே தொடங்கிவிட்டது. அதை நிறுவிய எச். என். அண்டர்சன் அதற்கு முன்பே பாங்கொக்கில் தேக்கு வியாபாரம் செய்தவர். சீயத்தின் வடக்குக் காடுகளில் மரத்தின் பட்டையைச் சுற்றிவர வெட்டி, இரண்டு மூன்று வருடம் நின்ற நிலையிலேயே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணியில் மிதக்காது. காய்ந்த பிறகு வெட்டி, யானைகளால் இழுத்து, ஆற்றில் விட்டால், பாங்கொக் வந்து சேர வருடக்கணக்காகும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் வாள் பற்கள் கெதியில் மழுங்கும். தேக்குக்கென்று கடினமான வெட்டுக் கருவிகள் வந்த பிறகுதான் டென்மார்க் தொழிற்சாலைகள் அதை ஆயிரக்கணக்கில் அறுத்து, கழற்றிப் பூட்டும் கதிரைகளாகப் பெட்டியில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்பின.

தச்சர் சங்கத்தின் கடைசிக் கண்காட்சி 1966. அடுத்த வருடம் வேர்னர் பன்ரனின் ஒரே வார்ப்பில் செய்த பிளாஸ்ரிக் கதிரை சந்தைக்கு வந்தது. அந்த மரக்கதிரைகள் பிறகு பழம்பொருள் ஏலத்துக்குப் போயின. சனத்துக்காகச் செய்தவைகூட இண்டைக்குச் சேகரிப்பாளர்களின் பொருள்.

கிரேட்டே யால்க் என்றொரு பெண். தச்சு வேலை பழகி, பிறகு கிளிண்டிடமும் படித்து, தானே நல்ல சாய்கதிரைகளை வடிவமைத்தவர். அந்த நாற்பது வருடக் கண்காட்சிகளையும் அவர் 1987இல் நான்கு தொகுதிகளாகத் தொகுத்தார். அதனால்தான் வோடர், ஹான்சன் போன்ற தச்சர்களின் பெயர் வடிவமைப்பாளர்களின் பெயரோடு சேர்ந்து இன்றும் நிற்கிறது. கைவேலை செய்தவனின் பெயரை எழுதி வைத்த ஒரு சமூகத்தை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அந்தப் பட்டியல் பட்டறை வாசலோடு முடிகிறது. பட்டையைச் சுற்றி வெட்டினவர், யானையை நடத்தினவர், ஆற்றில் மரத்தோடு மிதந்து வந்தவர், ஒருத்தரின்ர பெயரும் எந்தக் கதிரையின் அடியிலும் இல்லை. வரலாறு படிக்கிற நாங்கள் ஒரு பொருளைப் பார்த்தால் 'இதை ஆர் வரைந்தது?' எண்டு கேட்கப் பழகியிருக்கிறம். 'ஆர் செய்தது?' எண்டு கேட்க டென்மார்க் தச்சர்கள் சொல்லித் தந்தார்கள். 'மரம் எங்க இருந்து வந்தது, ஆர் வெட்டினது?' எண்ட கேள்வி இன்னும் மிச்சமாக இருக்கு. அதை நாங்கள்தான் கேட்க வேணும்.