யப்பானில் ஹரோல்ட் பாமர்

அந்நிய மொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கென நடத்தப்படும் சொற்பொழிவுகளுக்கு நேயர்களிற் சிலர் சென்றிருப்பீர்கள். யானும் பலமுறை சென்றுள்ளேன். குறிப்பேடு நிரம்பும், மறுநாள் வகுப்பிலோ பழைய பாடம் பழைய முறையிலேயே நடக்கும். அப்படியாயின் இச்சொற்பொழிவுகளால் விளையும் பயன்தான் யாது? இவ்வினாவை மனத்திற் கொண்டு, நூறாண்டுகளுக்கு முன்னர் யப்பானில் நிகழ்ந்த முயற்சியொன்றை இன்று நோக்குவோம்.

1877 ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த ஹரோல்ட் பாமர், பெல்ஜியத்தில் வெர்வியே என்னும் நகரில் மொழி கற்பித்துப் பழகியவர். 1914 இல் போர் மூண்டதும் அங்கிருந்து தப்பித் தாயகம் சேர்ந்து, இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியில் விரிவுரை நிகழ்த்தலானார். 1922 இல், சவயனாகி மசதாரோ என்னும் கல்விமானின் அழைப்பை ஏற்று யப்பான் சென்று, கல்வி அமைச்சின் மொழி ஆலோசகரானார்.

அங்கே அவர் கண்டது யாது? ஆங்கில வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பெயர்த்து, அச்சொற்களை யப்பானிய ஒழுங்கில் மாற்றிவைத்துப் பொருள் கூறுவதே பாடமாயிருந்தது. வினைச்சொல்லை இறுதியில் வைக்கும் அவ்வொழுங்கு நம் தமிழுக்கும் உரியதாதலின், அவ்வாசிரியர்கள் பட்ட இடர் நமக்கு எளிதில் விளங்கும். பாமரோ, செவியும் நாவும் முதலிற் பழகவேண்டும், ஏடு பின்னர் வரலாம் என்றார். கட்டளையைக் கேட்டு மாணவன் எழுந்து கதவைத் திறத்தல் போன்ற செயல்வழிப் பயிற்சிகளைத் தம் மகளுடன் சேர்ந்து 1925 இல் நூலாகவும் வெளியிட்டார்.

1923 இல் டோக்கியோவில் ஆங்கிலங் கற்பித்தலுக்கான ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அவ்வாண்டு செப்ரெம்பர் முதலாந் திகதி ஏற்பட்ட நிலநடுக்கம் நகரைப் பாழாக்கிற்று. எனினும் 1924 இல் முதலாவது வருடாந்த மகாநாடு கூடியது. இம்மகாநாடுகளின் சிறப்பு, சொற்பொழிவோடு மாதிரிப் பாடங்களும் இடம்பெற்றமையாகும். சொல்பவரைக் கேட்டுக் கலைவது வேறு. கற்பிப்பவரைக் கண்ணாற் கண்டு திரும்புவது வேறு. புக்குஷிமாப் பள்ளியொன்றில் இம்முறை யப்பானிய ஆசிரியரின் கைக்கு ஏற்றவாறு திருத்தப்பட்டு, அவ்வூரின் பெயராலேயே திட்டமாக வழங்கலாயிற்று. பாமரின் வெற்றிகளுள் இதனையே யான் முதலில் வைப்பேன்.

ஆயினும் மேற்பள்ளி அனுமதிப் பரீட்சை மொழிபெயர்ப்பையே கேட்டது. வகுப்புகள் பெரியன, ஆசிரியர் பலருக்கு ஆங்கிலம் பேசும் பழக்கமும் குறைவு. பரீட்சை மாறாதவிடத்து ஆசிரியரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. பாமரும் இதனை உணர்ந்து, சொற்களைத் தேர்ந்து வரையறுத்தல், எளிய வாசிப்பு நூல்களை ஆக்குதல் என்பவற்றிற் கருத்தைச் செலுத்தினார். 1934 இல் நியூயோர்க்கில் இப்பொருள் பற்றிக் கூடிய மகாநாட்டில், வங்காளத்திற் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ற் என்பவருடன் கலந்து உழைத்தார். 1936 இல் யப்பானை விட்டுச் சென்றார்.

அவரது பணியைத் தொடர்ந்தவர் ஹோண்பி. அவர் இரு துணைவருடன் தொகுத்த ஆங்கில அகராதி, போர் நடந்துகொண்டிருந்த 1942 இல் டோக்கியோவில் அச்சாகி, 1948 இல் ஒக்ஸ்போட் பதிப்பாக உலகெங்கும் பரவியது. வினைச்சொல் எவ்வெவ்வாறு வாக்கியத்தில் அமையும் என்று காட்டும் அதன் அட்டவணைகள், மேற்கூறிய ஆராய்ச்சியில் முளைத்தவையே. யான் பணிபுரிந்த பாடசாலையொன்றின் அலுமாரியிலும் அவ்வகராதிப் பிரதியொன்று இருந்தது. சொற்பொருள் தேடிய பக்கங்கள் கந்தலாகியிருக்க, அவ்வட்டவணைப் பக்கங்கள் மட்டும் கைபடாது புதியனவாகவே கிடந்தன.