மின்வால்வு இணைப்பு (ஆழ்துளைக் கிணற்று நீரமைப்புகளில்)

மின்வால்வு இணைப்பு என்பது, கிணற்று நீரின் வழியைத் திறந்து மூடும் வால்வையும் அந்த நீரை நம்பி ஓடும் இயந்திரத்தையும் ஒரே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரும் மின்சுற்று. குளிர்நாடுகளில் இதை நிலத்தடி நீரால் இயங்கும் ‘ஹீட் பம்ப்’ என்ற வெப்ப ஏற்றிகளில் காணலாம். சென்னையின் மேற்குப் புறநகரில் போர் மோட்டாரையும் மேல்நிலைத் தொட்டிகளையும் இணைக்கும் தானியங்கிப் பெட்டியில் காணலாம். இரண்டுக்கும் விதி ஒன்றே: முதலில் வழி திறக்க வேண்டும், பிறகுதான் இயந்திரம் ஓட வேண்டும்.

சென்னை–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் திருமுல்லைவாயிலுக்கும் ஆவடிக்கும் இடையில் உள்ள அண்ணனூர், மின்தொடர் வண்டிப் பணிமனையால் அறியப்பட்ட ஊர். 2019இல் உருவான ஆவடி மாநகராட்சிப் பகுதியைச் சேர்ந்தது. இங்குள்ள வீடுகள் பலவும் போர் தண்ணீரை நம்பியவை. வீட்டுக்காரருக்கு ஒரு தொட்டி, குடியிருப்பவருக்கு ஒரு தொட்டி, இரண்டுக்கும் ஒரே மோட்டார் என்ற ஏற்பாட்டில் எந்தத் தொட்டிக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதைக் கேட் வால்வைக் கையால் திருகித் தீர்மானிப்பது வழக்கம். அந்த வேலையை மின்வால்வு செய்யலாம்.

சுற்று இப்படி அமையும். தொட்டியில் நீர் குறைந்ததும் ஃப்ளோட் ஸ்விட்ச் அந்தத் தொட்டியின் வால்வுக்கு மட்டும் மின்சாரம் தரும்; மோட்டாரை அது நேராகத் தொடாது. வால்வு முழுதாகத் திறந்ததும் அதன் உள்ளே இருக்கும் முனை ஸ்விட்ச் இணையும். அது ரிலே வழியாக ஸ்டார்ட்டரின் காண்டாக்டர் சுருளை இயக்கும். இரு வால்வுகளின் முனை ஸ்விட்சுகளையும் இணையாகக் கோக்க வேண்டும். எது திறந்தாலும் மோட்டார் ஓடும். வறட்டு ஓட்டத் தடுப்பையும் ஓவர்லோடு ரிலேயையும் தொடராகக் கோக்க வேண்டும். எது துண்டித்தாலும் மோட்டார் நிற்கும். தொட்டி நிறைந்து கடைசி வால்வு மூடத் தொடங்கியதுமே முனை ஸ்விட்ச் விலகும் என்பதால், மூடிய குழாயை எதிர்த்து மோட்டார் ஓட இடமில்லை. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றி ஓடும் நீர்தான். நீரோட்டம் நின்றால் சுருள் கருகிவிடும்.

முனை ஸ்விட்ச் சிறு மின்னோட்டத்துக்கானது. ஒரு குதிரைத்திறன் ஒற்றைமுனை மோட்டார் 7-8 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு. மோட்டார் ஒயரை அந்த ஸ்விட்ச் வழியே கொண்டுபோவது அதை எரிப்பதற்குச் சமம். பச்சைப் பட்டனை அழுத்திக் கிளப்பும் பழைய பெட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டனை அழுத்தியிருக்கும் நேரம் மட்டுமே ஸ்டார்ட் கண்டென்சர் சுற்றில் இருக்கும். எனவே மெயின் சப்ளையைத் தானியங்கியாகக் கொடுத்தால் மட்டும் மோட்டார் கிளம்பாது. பட்டனின் வேலையைச் செய்யும் தனி ரிலே தேவை. மின்தடைக்குப் பின் உடனே கிளம்பாதபடி சில விநாடித் தாமதமும் வேண்டும்.

வால்வைத் தேர்ந்தெடுப்பதில்தான் தவறு அதிகம். விலை குறைவு என்று வாங்கப்படும் பைலட் வகை சோலினாய்டு வால்வு, நீரழுத்த வேறுபாடு இருந்தால்தான் திறக்கும். பல மாதிரிகளுக்கு 0.3 முதல் 0.5 பார் வேண்டும். இந்தச் சுற்றில் மோட்டார் ஓடுமுன்பே வால்வு திறக்க வேண்டும்; அப்போது குழாயில் அந்த அழுத்தம் இருக்கும் என்று நம்ப முடியாது. போதாக்குறைக்கு, போர் தண்ணீரின் உப்பு அதன் நுண்துளையில் படிந்து அடைக்கும். இந்த வட்டாரத்துக்கு மோட்டார் பொருத்திய பந்து வால்வே ஏற்றது. அது மெதுவாக மூடும். குழாயில் ‘டம்’ என்று அடிக்கும் நீரடியும் இருக்காது.

வெப்ப ஏற்றியில் மோட்டாரின் இடத்தில் கம்ப்ரஸர் இருக்கும். தெர்மோஸ்டாட்டின் 24 வோல்ட் அழைப்பு முதலில் வால்வைத் திறக்கும். முனை ஸ்விட்ச் இணைந்த பிறகே கம்ப்ரஸர் கிளம்பும். வால்வை வெப்பப் பரிமாற்றிக்குப் பிறகு, வெளியேறும் பக்கம் வைப்பது நல்லது; பரிமாற்றிக்குள் அழுத்தம் நீடிப்பதால் இரும்பும் சுண்ணாம்பும் படிவது குறையும். வால்வும் காண்டாக்டரும் சேர்ந்து இழுக்கும் சுமையை டிரான்ஸ்ஃபார்மர் தாங்காவிட்டால் காண்டாக்டர் படபடக்கும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1948இல் திறக்கப்பட்ட ஈக்விடபிள் கட்டடம், நிலத்தடி நீர் வெப்ப ஏற்றியைப் பெரிய அளவில் பயன்படுத்திய முன்னோடி.

இந்த முறையில் ஒரு டன் குளிரூட்டலுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6 முதல் 11 லிட்டர் நீர் ஓட வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்ட சென்னையில் அந்த நீரைச் சாக்கடையில் விடுவது ஏற்க முடியாதது. சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீரெடுப்பை ஒழுங்குபடுத்த 1987ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அண்ணனூரில் யாரேனும் இதை அமைப்பதென்றால், பயன்படுத்திய நீரை முழுதும் நிலத்துக்கே திருப்பும் இரண்டாவது போர் கட்டாயம் வேண்டும்.

பெட்டியைத் திறக்குமுன் மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, கண்டென்சரில் தங்கிய மின்சாரத்தையும் இறக்க வேண்டும். ஈரமான இடத்தில் வேலை செய்யும் சுற்று இது. எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீட்டில் இந்த இணைப்பைக் கொடுக்கக் கூடாது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யுங்கள்.