பேக்கன் கையில் இருந்த பழைய மரு

இன்னைக்கு எபிசோடு மருவைப் பற்றி. போர், பஞ்சம், சாம்ராஜ்யம் எல்லாம் பேசிய இடத்தில் இது எதுக்குன்னு தோணலாம். ஒரு மருந்து நிஜமாவே வேலை செஞ்சுதா, இல்லை நமக்கு அப்படித் தோணுதா? இந்தக் கேள்வியை மரு மாதிரி மனுஷனை ஏமாத்தின நோய் ரொம்பக் குறைவு.

1577 வாக்கில் பாரிஸ். இங்கிலாந்துத் தூதர் சர் அமியாஸ் பாலெட்டின் பரிவாரத்தில் பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் இருக்கான். பேரு பிரான்சிஸ் பேக்கன். பின்னாடி அறிவியல் முறையைப் பற்றி யார் பேசினாலும் பேர் சொல்லப்போகிற அதே பேக்கன்தான். சின்ன வயசிலிருந்தே அவன் விரலில் ஒரு மரு. போகவே இல்லை. பாரிஸ் வந்த இடத்தில் ஒரே மாதத்துக்குள் இரண்டு கையிலும் நூறு மருவாவது முளைச்சிடுச்சு.

தூதரோட மனைவி, "நான் சரி பண்றேன்" என்று முன்வந்தாங்க. மூடநம்பிக்கை எல்லாம் இல்லாத பெண்மணி என்று பேக்கனே சான்றிதழ் தருகிறார். தோலோடு இருந்த பன்றிக் கொழுப்புத் துண்டு ஒன்றை எடுத்து, கொழுப்புப் பக்கத்தால் எல்லா மருவையும் தேய்ச்சாங்க, அந்தப் பழைய மரு உட்பட. அப்புறம் அந்தத் துண்டைத் தெற்குப் பார்த்த ஜன்னல் கட்டையில், வெயில் படுகிற மாதிரி ஆணி அடிச்சு மாட்டிட்டாங்க. கொழுப்பு உருக உருக மருவும் கரையும், நம்பிக்கை அதுதான். ஐந்து வாரத்தில் அத்தனையும் போச்சு. பழைய மருவும் கூடவே போச்சு.

இந்தக் கதை, பேக்கன் இறந்த பிறகு வெளிவந்த 'சில்வா சில்வாரம்' நூலில் இருக்கு. கதையை விட அவர் அதை யோசிக்கிற விதம் எனக்குப் பிடிச்சிருக்கு. புதுசா வந்த நூறும் போனதில் அவருக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. சீக்கிரம் வந்தது சீக்கிரம் போகலாம் என்கிறார். அத்தனை வருஷம் இருந்த அந்த ஒன்று எப்படிப் போச்சு என்பதுதான் கிழவரான பிறகும் அவரை விடலை.

நான் கோடு எழுதிப் பிழைக்கிறவன். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணதும் ஒரு பக் காணாமல் போச்சுன்னா, ரீஸ்டார்ட்தான் காரணமா, சும்மா விட்டிருந்தாலும் போயிருக்குமா என்று எங்க டீமில் தினமும் சண்டை. பேக்கன் பாதி தூரம் வந்துட்டார். கொழுப்பு தேய்க்காத இன்னொரு பையன் கையையும் பார்க்கணும் என்கிற மீதிப் பாதிக்கு உலகம் ரொம்ப நாள் காத்திருந்தது.

அதுவரைக்கும் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். 1876இல் வந்த மார்க் ட்வைனின் 'டாம் சாயர்' நாவலில், பசங்க செத்த பூனையையும் பட்டுப்போன மரக்கட்டையில் தேங்கின மழைத்தண்ணியையும் மருவுக்கு மருந்தாகப் பேசிக்கிறாங்க. நம்ம பக்கம் வைத்தீஸ்வரன் கோவிலில் உப்பும் மிளகும் காணிக்கை போடுறாங்க, குளத்தில் வெல்லம் கரைக்கிறாங்க. உப்பு கரையற மாதிரி மரு கரையணும். பாரிஸ் ஜன்னலில் உருகின கொழுப்புக்கும் இதுக்கும் லாஜிக் ஒன்றுதான், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் காப்பி அடிக்கலை.

மருவுக்குக் காரணம் என்ன என்பது பிடிபட்டது 1907இல். இத்தாலி டாக்டர் ஜுசேப்பே சியூஃபோ மருவை அரைச்சு, பாக்டீரியாகூட நுழைய முடியாத ஃபில்டரில் வடிகட்டி, அந்தத் திரவத்தைத் தன் கையிலேயே ஏத்திக்கிட்டார். சில மாதம் கழிச்சு மரு வந்தது. அப்படின்னா காரணம் பாக்டீரியாவை விடச் சின்னது, வைரஸ். இன்னைக்கு அதுக்கு ஹெச்பிவி என்று பேர். அதைத் தேடிப் பார்த்துட்டுப் பெற்றோர் பயப்படுறது உண்டு. 200க்கும் மேல் வகை இருக்கு. குழந்தை விரலில் சாதாரணமா வருகிற மருவின் வகைகள் வேறு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு பேசப்படுகிற 16, 18 வேறு.

இந்த வைரஸ் தோலின் மேல் அடுக்கிலேயே குடியிருக்கும், ரத்தத்துக்குள் போகாது. அதனால் உடம்பின் எதிர்ப்பு சக்திக்கு இப்படி ஒருத்தன் இருக்கான்னே மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் தெரியாது. தெரிஞ்சதும், தொட்ட மரு தொடாத மரு எல்லாம் ஒரே சமயத்தில் உதிர்வது உண்டு. பேக்கனின் பழைய மரு போனதும் இப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். நூறு புது மரு வந்த கலாட்டாவில் உடம்பு முழிச்சுக்கிச்சு, மாட்டினது பழையவன்.

1920களில் சூரிச்சில் ப்ரூனோ ப்ளாக் என்கிற தோல் மருத்துவப் பேராசிரியர், கண்ணைக் கட்டிவிட்டு, சத்தம் போடுகிற ஒரு மெஷினில் கை வைக்கச் சொல்லி, மருவுக்குச் சாயம் பூசி அனுப்பினார். மெஷின் டம்மி. பலருக்கு மரு போச்சு. மனசின் சக்தி என்று அப்போது பேசினாங்க. தானாகவே எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்ற எண்ணிக்கை இல்லாமல் அதையும் முடிவு பண்ண முடியாது.

டம்மி மெஷினாவது வலிக்காது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் மருவுக்கு எக்ஸ்-ரே கதிர் வைச்சாங்க, பாத மருவுக்குக் குறிப்பா. சிலருக்குப் பல வருஷம் கழிச்சு அந்த இடத்தில் ஆறாத புண், சிலருக்குப் புற்றுநோய். தானாகப் போயிருக்கக்கூடிய ஒன்றுக்குக் கொடுத்த விலை அது.

ஒருவழியா 1963இல், மாஸ்ஸிங், எப்ஸ்டைன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எண்ணினாங்க. அறிவுத்திறன் குறைபாடு உள்ள குழந்தைகளின் விடுதி ஒன்றில், சிகிச்சை கொடுக்காமல் இரண்டு வருஷம் கவனிச்சதில், மூன்றில் இரண்டு பங்கு மருக்கள் தானாகப் போயிருந்தன. அந்தக் குழந்தைகளிடம் யாராவது சம்மதம் கேட்டிருப்பாங்களா என்று எனக்குச் சந்தேகம். ஆனா நாம இன்னைக்கும் நிற்கிறது அந்த எண்ணிக்கை மேலதான்.

அப்புறம் டக்ட் டேப் கதை. 2002இல் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றின் ஆய்வில், டேப் ஒட்டினதில் 85 சதவீதம், உறைய வைச்சதில் 60 சதவீதம் குணம் என்று வந்தது. கடைசிவரை இருந்தது 51 பேர். உலகமே டேப் வாங்கிச்சு. 2006இல் நெதர்லாந்தில் 103 பள்ளிக் குழந்தைகளிடம் செஞ்சு பார்த்தாங்க. ஆறு வாரத்தில் டேப் ஒட்டினவங்களுக்கு 16 சதவீதம், டம்மி பேட் வைச்சவங்களுக்கு 6 சதவீதம். தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வித்தியாசம்தான்.

என் அக்கா பையனுக்கு ஆறு வயசில் கை விரலில் மரு வந்தப்போ இந்த எண்ணெல்லாம் யாருக்கும் தெரியாது. திரவ நைட்ரஜன், அதாவது மைனஸ் 196 டிகிரி. வைக்கிறப்போ நாலு பேர் அவனைப் பிடிச்சுக்கிட்டோம். அடுத்த தடவை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததுமே அழ ஆரம்பிச்சுட்டான்.

அந்த அழுகைக்கு என்ன பலன்? 2010இல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வில், 13 வாரத்தில், கை மாதிரி இடங்களில் வருகிற சாதாரண மரு உறைய வைச்சதில் 49 சதவீதம் பேருக்குப் போச்சு. சாலிசிலிக் ஆசிட்டில் 15, சும்மா விட்டதில் 8. ஆக டாக்டர் வைக்கிற ஐஸ் வேலை செய்யும், பாதிப் பேருக்கு. பாத மருவில் மூன்றுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதனால் உள்ளங்காலில் மரு இருக்கிற சின்னக் குழந்தையைப் பிடிச்சு அமுக்கி உறைய வைக்கிறதை என்னால் நியாயப்படுத்த முடியலை. விரலில் இருந்து, குழந்தையே "எடுத்துடலாம்" என்று சொல்கிற வயசுன்னா வேற விஷயம்.

வீட்டில் செய்யணும்னா சாலிசிலிக் ஆசிட். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிறப்போ இது ஓரளவு கை கொடுக்குது. வெதுவெதுப்பான தண்ணியில் ஊற வைச்சு, மேல் தோலைத் தேய்ச்சு எடுத்து, சுற்றி இருக்கிற நல்ல தோலில் படாமல் தினமும் பூசணும். வாரக்கணக்கில் ஆகும். தேய்க்கிற அரத்தை வேற யாருக்கும் கொடுக்காதீங்க. முகம், பிறப்புறுப்பு, சர்க்கரை நோய், எதிர்ப்பு சக்தி குறைவு, ரத்தம் கசிகிற மரு, இதெல்லாம் டாக்டரிடம் போக வேண்டியவை. கால் ஆணியா மருவான்னு தெரியலைன்னாலும் முதலில் காட்டிடுங்க. சுண்ணாம்பு வைக்கிறது, ஊதுபத்தியால் சுடுறது, பிளேடால் வெட்டுறது வேண்டாம். மரு போனாலும் போகாட்டியும் தழும்பு நிற்கும், வெட்டின இடத்திலிருந்து வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும்.