தேயிலையும் இலைச்சுருட்டிப் பூச்சியும்

இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களின் சரித்திரத்தை ஆராய்கிறவர்கள், 1869-ஆம் ஆண்டில் தோன்றிக் காப்பிப் பயிரை நாசமாக்கிய இலைத்துரு நோயைப் பற்றி விஸ்தாரமாக எழுதுவார்களேயன்றி, அதற்கு முன்பே, 1861-இல், ஜான் நீட்னர் என்பவர் காப்பிச் செடியின் விரோதிகளுள் ஒன்றாகக் குறித்துவைத்த இலைச்சுருட்டி என்னும் ஒரு சிறு அந்துப்பூச்சியைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

காப்பி அழிந்து தேயிலை தழைத்தபோது அப்பூச்சியும் தேயிலையைப் பற்றிக்கொண்டது. பெண் பூச்சி இலையின் மேற்புறத்தில் மீன் செதிலைப்போல் முட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைக்க, பொரித்து வந்த புழுக்கள் இலைகளைப் பட்டு நூலால் பிணைத்து, அக்கூட்டுக்குள் இருந்தபடியே அவற்றை அரித்துத் தின்றன. தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர்கள் அம்முட்டைத் திரள்களைக் கையாலேயே பொறுக்கி அழிக்க வேண்டியதாயிற்று.

1935-36-இல் ஜாவாவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒரு சிறிய ஒட்டுண்ணிக் குளவி, இளம் புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு, தன் சந்ததியைக் கொண்டே அதை மாய்த்து, அந்த உபத்திரவத்தை அடக்கிற்று. பின்னாளில் தண்டு துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்டிரின் என்னும் பூச்சிக்கொல்லி தெளிக்கப்பட்டபோதோ, உபகாரியான குளவியும் மடிய, இலைச்சுருட்டி மீண்டும் பெருகிற்று. ஆகவே, விஷ மருந்தைக் கையில் எடுக்குமுன், நமக்காக உழைக்கும் ஜீவன்கள் எவையென்று அறிந்துகொள்வது பயிரிடுவோர் ஒவ்வொருவருக்கும் முதற்கடமையாகும்.