லேசர் அச்சுப்பொறி இயக்கி அமைப்புகள்

லேசர் அச்சுப்பொறி இயக்கி என்பது, கணினியில் உள்ள ஆவணத்தை அச்சுப்பொறி புரிந்துகொள்ளும் வடிவத்திற்கு மாற்றி அனுப்பும் மென்பொருள் ஆகும். இதில் பயனர் மாற்றக்கூடிய அமைப்புகள் பல இருப்பினும், அச்சான பக்கத்தின் அளவையும் தோற்றத்தையும் நேரடியாகத் தீர்மானிப்பவை பிரிதிறன், ஓரம், பக்கச் சீரமைவு ஆகிய மூன்றுமே. இவை ஒரே உரையாடல் பெட்டியில் அடுத்தடுத்துக் காணப்பட்டாலும் வெவ்வேறு இடங்களில் செயல்படுகின்றன. பிரிதிறன் பக்கத்தின் படம் உருவாகும் இடத்திலும், ஓரம் பொறியின் வன்பொருள் எல்லையிலும், சீரமைவு தாள் நகரும் பாதையிலும் தொழிற்படும். ஒன்றில் உள்ள குறையை மற்றொன்றைக் கொண்டு சரிசெய்ய முயலும்போது அளவு வரைபடங்கள் சுருங்கி அச்சாகின்றன. ஒட்டுச்சீட்டுகளில் முகவரி கட்டத்திற்கு வெளியே விழுகிறது.

பின்னணி

லேசர் அச்சு முறை, செராக்ஸ் நிறுவனத்தில் கேரி ஸ்டார்க்வெதர் மேற்கொண்ட ஆய்வுகளிலிருந்து உருவானது. 1977 இல் வெளியான செராக்ஸ் 9700 பெரிய நிறுவனங்களுக்கான பொறியாகும். மேசை மீது வைக்கத்தக்க லேசர் அச்சுப்பொறிகளைப் பரவலாக்கியவை ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனத்தின் லேசர்ஜெட் (1984), ஆப்பிள் நிறுவனத்தின் லேசர்ரைட்டர் (1985) ஆகியன. இவ்விரண்டின் உள்ளேயும் இருந்தது கேனன் நிறுவனத்தின் ஒரே சிஎக்ஸ் அச்சு இயந்திரம். இரண்டின் பிரிதிறனும் அங்குலத்திற்கு 300 புள்ளிகளே. ஆயினும் முன்னது பிசிஎல் என்னும் எளிய கட்டளை மொழியையும் 128 கிலோபைட்டு நினைவகத்தையும், பின்னது போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியையும் 1.5 மெகாபைட்டு நினைவகத்தையும் கொண்டிருந்தன. ஒரே இயந்திரத்தைக் கொண்ட இரு பொறிகள் அச்சிட்டுத் தரக்கூடியவை இதனாலேயே பெரிதும் வேறுபட்டன.

பிரிதிறன்

பிரிதிறன் ஓர் அங்குல நீளத்தில் வைக்கப்படும் புள்ளிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறது. சுருக்கமாக டிபிஐ எனப்படும். ஏ4 தாள் 300 டிபிஐயில் 2480 × 3508 புள்ளிகளாகவும், 600 டிபிஐயில் 4960 × 7016 புள்ளிகளாகவும் அமையும். கறுப்பு வெள்ளை அச்சில் ஒரு புள்ளிக்கு ஒரு பிட்டு போதுமாதலால், முதலாவதற்கு ஏறத்தாழ 1.09 மெகாபைட்டும் இரண்டாவதற்கு ஏறத்தாழ 4.35 மெகாபைட்டும் நினைவகம் வேண்டும். பிரிதிறன் இரு மடங்கானால் தேவைப்படும் நினைவகம் நான்கு மடங்காகும் என்பதை இங்கு காணலாம்.

இந்தக் கணக்கு லேசர் அச்சுப்பொறிக்கு மிக முக்கியமானது. உருளை சுழலத் தொடங்கித் தாள் நகர ஆரம்பித்துவிட்டால், இங்க்ஜெட் பொறியைப் போல நடுவில் நின்று தரவுக்காகக் காத்திருக்க இதனால் இயலாது. எனவே பக்கம் முழுவதும் முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க வேண்டும், அல்லது லேசரின் வேகத்திற்கு ஈடுகொடுத்து ஆயத்தமாகிக்கொண்டே வரவேண்டும். முதல் லேசர்ஜெட்டின் 128 கிலோபைட்டில் முழுப்பக்கப் படத்தை 300 டிபிஐயில் வைக்க இடமில்லை. 75 டிபிஐயில் அதே படம் சுமார் 68 கிலோபைட்டில் அடங்கிவிடும். பழைய லேசர்ஜெட் பொறிகள் காட்டும் 20 ஆம் எண் பிழை நினைவகம் நிரம்பியதையும், 21 ஆம் எண் பிழை பக்கம் உரிய நேரத்தில் ஆயத்தமாகாததையும் குறிக்கும். இரண்டிற்கும் இயக்கியில் பிரிதிறனைக் குறைப்பது ஒரு தீர்வாகும்.

எழுத்துகளைப் பொறுத்தவரை 600 டிபிஐ போதுமானது என்றே கொள்ளலாம். தமிழ் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி இதற்கு நல்ல சோதனை. 10 பாயிண்ட் எழுத்தில் அதன் விட்டம் ஒரு பாயிண்ட், அதாவது 72 இல் ஒரு பங்கு அங்குலம் எனக் கொண்டால், 300 டிபிஐயில் அதை வரைய நான்கு அச்சுப்புள்ளிகளே குறுக்காகக் கிடைக்கும். அது வட்டமாகத் தோன்றாது. 600 டிபிஐயில் எட்டு கிடைக்கும். மைத்தூள் சேமிப்பு முறையைத் தேர்ந்தால் இந்தப் புள்ளிகள் மேலும் மங்கும். அம்முறை பெரும்பாலும் படியும் தூளின் அளவைக் குறைக்கிறது. பிரிதிறன் எண்ணை மாற்றுவதில்லை.

ஒளிப்படங்களில் நிலைமை வேறு. கறுப்பு லேசர் பொறிக்குச் சாம்பல் நிறம் கிடையாது. கறுப்புப் புள்ளிகளைச் சிறு கட்டங்களுக்குள் கூட்டியும் குறைத்தும் வைத்தே அது சாம்பல் போலக் காட்டுகிறது. 600 டிபிஐயில் 8 × 8 புள்ளிகள் கொண்ட கட்டத்தைப் பயன்படுத்தினால் 65 சாம்பல் நிலைகள் கிடைக்கும்; ஆனால் படத்தின் நுணுக்கம் அங்குலத்திற்கு 75 கட்டங்களாகக் குறைந்துவிடும். விளம்பரங்களில் காணப்படும் "1200 டிபிஐ தரம்" என்னும் தொடரில் "தரம்" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பல பொறிகளில் இது 600 டிபிஐ இயந்திரத்தில் லேசர் துடிப்பின் நீளத்தை நுட்பமாக மாற்றிப் பெறப்படுவதாகும்.

தாளின் அளவு

ஓரங்களைத் தொடுவதற்கு முன் தாளின் அளவைச் சரிபார்ப்பது அவசியம். ஏ4 தாள் 210 × 297 மில்லிமீட்டர். அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாள் 215.9 × 279.4 மில்லிமீட்டர். பல மென்பொருள்கள் லெட்டர் அளவையே இயல்பாகக் கொண்டு நிறுவப்படுவதால், ஏ4 புழங்கும் நாடுகளில் 17.6 மில்லிமீட்டர் உயர வேறுபாடு அடிக்கடி தலைகாட்டுகிறது. சில பொறிகள் தவறான அளவில் அச்சிடும். சில அச்சிடவே மறுத்துத் தாள் கேட்கும். 1999 இல் வெளியான ஆஃபீஸ் ஸ்பேஸ் என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் நகைப்புக்குள்ளான "பிசி லோட் லெட்டர்" என்ற செய்தி இதுவே. அதில் "பிசி" என்பது தாள்தட்டைக் குறிக்கும் சுருக்கம். கணினிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஓரம்

ஓரம் என்ற ஒரே சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. ஆவண ஓரம் என்பது எழுதுபவர் சொற்செயலியில் அமைக்கும் வெற்றிடம். வன்பொருள் ஓரம் என்பது பொறியால் அச்சிட இயலாத விளிம்புப் பகுதி. பல லேசர் பொறிகளில் இது நான்கு புறமும் 12 பாயிண்ட், அதாவது ஆறில் ஒரு பங்கு அங்குலம் (ஏறத்தாழ 4.2 மில்லிமீட்டர்) ஆகும். தாள் ஒவ்வொரு முறையும் சற்றே இடம் மாறி வருவதால், விளிம்புவரை அச்சிட்டால் மைத்தூள் தாளுக்கு வெளியே சிந்திப் பொறியின் உட்புறத்தை அழுக்காக்கும். மேலும், முன்விளிம்பில் தூள் இருந்தால் தாள் வெப்ப உருளையோடு ஒட்டிக்கொண்டு சிக்கவும் கூடும்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் பொறிகளுக்கான பிபிடி கோப்பில் இவ்வெல்லை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். இது சாதாரண உரைக்கோப்பு ஆதலால் மாணவர்கள் திறந்து படித்துப் பார்க்கலாம். ஏ4 தாளின் அளவு 595 × 842 பாயிண்ட் எனவும், அச்சிடத்தக்க பரப்பு 12, 12, 583, 830 எனவும் காணப்பட்டால், அந்நான்கு எண்கள் முறையே இடம், கீழ், வலம், மேல் எல்லைகளாகும். இவற்றைப் பூச்சியமாக்கினால் ஓரமின்றி அச்சிடலாம் என்று சிலர் கருதுவர். கோப்பு மாறும், பொறி மாறாது. விளிம்பில் உள்ள எழுத்துகள் வெட்டுப்படும், அவ்வளவே.

பொருத்தி அச்சிடுதல்

இம்மூன்று அமைப்புகளுக்கும் இடையே சத்தமின்றி நுழைந்து பெரும் குழப்பம் விளைவிப்பது "பக்கத்திற்குப் பொருத்து" என்னும் தேர்வு. முழு ஏ4 பக்கத்தை அச்சிடத்தக்க பரப்பினுள் அடக்க, அது பக்கத்தை 571/595 பங்காக, அதாவது ஏறத்தாழ 96 விழுக்காடாகச் சுருக்குகிறது. கடிதத்தில் இது கண்ணுக்குப் புலப்படாது. ஆனால் 100 மில்லிமீட்டர் கோடு 96 மில்லிமீட்டராக அச்சாகும். பொறியியல் வரைபடத்திற்கோ தையல் வடிவத்திற்கோ இது பயனற்றது.

ஏ4 தாளில் 24 ஒட்டுச்சீட்டுகள், ஒவ்வொன்றும் 70 × 37 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். சுருங்கிய பக்கம் தாளின் நடுவில் வைக்கப்படும்போது, நடு வரிசைகள் ஏறத்தாழச் சரியாகவே இருக்கும். முதல் வரிசையின் மேல் எல்லை சுமார் 6 மில்லிமீட்டர் கீழிறங்கியும், எட்டாம் வரிசையின் கீழ் எல்லை அதே அளவு மேலேறியும் விழும். இதைக் கண்டு மேல் ஓரத்தை 6 மில்லிமீட்டர் குறைப்பவர், முதல் வரிசையைச் சரிசெய்து கடைசி வரிசையை இருமடங்கு கெடுத்துவிடுகிறார். அடோபி ரீடர் முதலிய மென்பொருள்களில் "உண்மை அளவு" என்பதைத் தேர்வதே இங்கு உரிய திருத்தம்.

பக்கச் சீரமைவு

பக்கச் சீரமைவு என்பது தாளின் மீது படம் விழும் இடத்தைச் சரிசெய்வதாகும். அளக்காமல் இதைத் தொடுதல் கூடாது. நான்கு விளிம்புகளிலிருந்தும் 20 மில்லிமீட்டர் உள்ளே ஒரு சட்டம் வரைந்து, உண்மை அளவில் ஐந்தாறு தாள்கள் அச்சிட்டு, ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் அளவுகோலால் அளக்க வேண்டும். எல்லாத் தாள்களிலும் விலகல் ஒரே அளவாக இருந்தால் அது இடப்பெயர்ச்சி, அமைப்பால் திருத்தலாம். பக்கத்தின் நெடுகிலும் விலகல் சீராகக் கூடிக்கொண்டே போனால் அது அளவுமாற்றம். சட்டம் சாய்ந்திருந்தாலோ தாளுக்குத் தாள் விலகல் மாறினாலோ, தாள்தட்டின் பக்கத் தகடுகள் தளர்ந்துள்ளனவா, உருளைகள் தேய்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். எந்த இயக்கியாலும் அதைத் திருத்த முடியாது.

பல எச்பி பொறிகளின் பட்டியலில், ஒவ்வொரு தாள்தட்டிற்கும் தனித்தனியே இடப்பெயர்ச்சியை அமைக்கும் வசதி உண்டு. போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியில் இதற்கென்றே ஓர் அளவுரு உள்ளது. பொறியின் இயந்திரப் பிசகை ஈடுசெய்வதே அதன் நோக்கம். கோஸ்ட்ஸ்கிரிப்ட் மென்பொருளுடன் வரும் அலைன்.பிஎஸ் என்னும் சிறு கோப்பு, இவ்வளவுருவிற்குரிய மதிப்பை அளந்தறிய உதவும் பக்கம் ஒன்றை அச்சிட்டுத் தரும்.

இருபக்க அச்சில் முழுத் துல்லியத்தை எதிர்பார்க்க இயலாது. முதல் பக்கம் வெப்ப உருளையைக் கடக்கையில் தாள் ஈரப்பதத்தை இழந்து சிறிது சுருங்குகிறது. பின்பக்கம் அச்சாவது அந்தச் சுருங்கிய தாளின் மீதாகும்.

அமைப்புகள் சேமிக்கப்படும் இடம்

விண்டோசில் எல்லாப் பயனர்களுக்குமான இயல்பமைப்பும், ஒரு பயனருக்கு மட்டுமான விருப்பமும் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. லினக்சில் வழங்கும் கப்ஸ் முறைமையிலும் இவ்வாறே. இவற்றுக்கு மேலாக, ஆவணத்தை அச்சிடும் மென்பொருளும் தனது தேர்வை அனுப்பலாம். அதுவே இறுதியில் செல்லுபடியாகும். மாற்றிய அமைப்பு பயன் தரவில்லை எனில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இயக்கியற்ற அச்சு

1999 இல் வெளியான கப்ஸ், நீண்டகாலம் பிபிடி கோப்புகளையே நம்பியிருந்தது. பின்னர் அவற்றைக் கைவிடும் திசையில் செல்கிறது. விண்டோஸ் வழியாகப் பிற நிறுவன இயக்கிகளை வழங்குவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாப்ட் 2023 இல் அறிவித்தது. புதிய முறையில் பொறியே தனது திறன்களை ஐபிபி நெறிமுறையின் வழியாகக் கணினிக்குத் தெரிவிக்கிறது. ஓரங்கள் மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கில் தரப்படுகின்றன. 423 என்ற எண் வந்தால் அது பழைய 12 பாயிண்ட் ஓரமேயாகும். அளவுமாற்றத்திற்கான தேர்வும் இந்நெறிமுறையில் உண்டு. "தானியங்கு" என விட்டுவிட்டால் சுருக்குவதா இல்லையா என்பதைப் பொறியே முடிவுசெய்யும் என்பதால், அளவு முக்கியமான ஆவணங்களுக்கு "எதுவுமில்லை" என்பதைத் தேர்ந்து, 100 மில்லிமீட்டர் கோடு ஒன்றை அச்சிட்டு அளந்து பார்க்க வேண்டும்.