இராமானுஜன் அட்டவணையில் விடுபட்ட எண்

நாமக்கல் மலைக்கோட்டையின் அடியில் கோயில் கொண்டுள்ள நாமகிரித் தாயார், கணித மேதை சீனிவாச இராமானுஜனின் குலதெய்வம். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்த அவருக்குத் தாயார் கனவில் சூத்திரங்களைக் காட்டினார் என்பது எங்கள் பக்கத்தில் சிறுவரும் அறிந்த செய்தி. அதைப் பற்றி நாம் வழக்காட வேண்டியதில்லை. அவர் கையால் கணக்கிட்டு எழுதிய ஓர் அட்டவணையையும், அதில் விடுபட்டுப்போன ஓர் எண்ணையும் இங்குக் காண்போம்.

ஓர் எண்ணை மீதியின்றி வகுப்பவை அதன் காரணிகள். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதனினும் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிலும் சிறிய எண்கள் எல்லாவற்றையும்விட அதிகக் காரணிகளைக் கொண்டது மிகு பகு எண் ஆகும். நாமக்கல் கோழிப்பண்ணைகளில் ஓர் அட்டைக்கு 30 முட்டைகள் அடுக்குகிறார்கள். 30க்கு எட்டுக் காரணிகள். ஆனால் 24க்கும் எட்டு உண்டு! ஆகவே 24 தேறுகிறது; 30 தேறவில்லை.

1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பலேறிக் கேம்பிரிட்ஜ் சென்ற இராமானுஜன், இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். இங்கே எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவருக்கு, 1916இல் பி.ஏ. பட்டம் வாங்கித் தந்தது இக்கட்டுரையே. கழகத்தின் பணமுடையால் அச்சேறாமல் நின்ற பிற்பகுதி, 1997இல்தான் குறிப்புரையுடன் வெளியாயிற்று.

ஓர் எண்ணைப் பகா எண்களின் பெருக்கமாக எழுதி, ஒவ்வோர் அடுக்குடனும் 1 கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை கிடைக்கும். மிகு பகு எண்ணில் 2இன் அடுக்கைவிட 3இன் அடுக்கு மிகாது, 3இன் அடுக்கைவிட 5இன் அடுக்கு மிகாது. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 மட்டுமே; 4, 36 ஆகிய இரண்டும் விலக்கு. இவற்றை நிறுவிய இராமானுஜன், கணிப்பொறி இல்லாத அந்நாளில் 67,46,32,83,88,800 வரை அட்டவணையிட்டார்.

அதில் 2,40,94,02,99,600க்கு 4800 காரணிகள்; அடுத்து 3,21,25,37,32,800க்கு 5376. இவ்விரண்டுக்கும் நடுவே 2,93,31,86,25,600 என்ற எண் இருந்திருக்க வேண்டும். 2இன் அடுக்கு 6, 3இன் அடுக்கு 4, 5க்கும் 7க்கும் 2, பிறகு 11, 13, 17, 19. காரணிகள் 7×5×3×3×2×2×2×2, அதாவது 5040.

ஏன் தவறியது? இருபுறமும் உள்ள எண்களில் 23 இருக்கிறது. அவற்றில் 7 ஒருமுறைதான் வரும். விடுபட்டதிலோ 23 இல்லை, 7 இருமுறை வருகிறது. 23 வந்து சேர்ந்த பின் அது இல்லாத எண்ணைத் தேடத் தோன்றாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம். கனவில் சூத்திரம் வந்திருக்கலாம். அட்டவணை வந்தது காகிதத்திலும் உழைப்பிலும்தான் என்பதற்கு இவ்விடைவெளியே சாட்சி.

வாசகர்கள் பொறுமையுடன் அட்டவணையின் கடைசி எண்ணான 67,46,32,83,88,800ஐ 23ஆல் வகுத்துப் பார்க்கலாம். ஈவாக வருவது அந்த விடுபட்ட எண்ணே.