ஈர்ப்பிலிருந்து அழுத்தத்திற்கு: சிறுநீரக வடிகட்டல் பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஆண்டுவிழா மலருக்காக, முஸ்லிம் மருத்துவ மேதைகளின் அறிவுக் கொடை குறித்து நாம் ஒரு கட்டுரை எழுதியிருந்தோம். 'சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் முறையை இப்னு ஸீனா அன்றே விளக்கிவிட்டார்' என்பது அதில் இடம்பெற்ற ஒரு வாக்கியம். நம்மிடம் அரபி பயின்று, பின்னர் யூனானி மருத்துவம் கற்கச் சென்ற மாணவர் ஒருவர் அதைப் படித்துவிட்டு நேரில் வந்தார். "ஹஜ்ரத்! கானூனில் 'ஜாதிபா' என்றுதானே இருக்கிறது? ஜாதிபா என்றால் ஈர்ப்பது. எங்கள் உடலியங்கியல் பாடத்திலோ, இரத்தத்தின் அழுத்தம் தள்ளுவதால்தான் வடிகட்டல் நிகழ்கிறது என்கிறார்கள். ஈர்ப்பதும் தள்ளுவதும் ஒன்றாகுமா?" என்று பணிவோடு வினவினார்.

அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது, அந்த ஒரு வினாவுக்குள் ஏறத்தாழ பதினேழு நூற்றாண்டுகளின் அறிவு வரலாறு அடங்கியிருப்பதைக் கண்டோம். காலந்தாழ்ந்த மறுமொழியாகவே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

ஜாலினூஸின் சல்லடை

அரபு நூல்கள் ஜாலினூஸ் என்றழைக்கும் கேலன், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். சிறுநீர் எங்கே உருவாகிறது என்பது அவர் காலத்தில் முடிவாகாத வழக்காக இருந்தது. நாம் பருகும் நீர் ஆவியாகிச் சிறுநீர்ப்பையை அடைந்து அங்கே மீண்டும் நீராகிறது என்று அஸ்கிளப்பியாடிஸ் என்பவரின் கொள்கையினர் கூறிவந்தனர். ஜாலினூஸ் உயிருள்ள விலங்கொன்றின் சிறுநீர் நாளங்களைக் கட்டிக் காட்டினார். கட்டுக்கு மேலே நாளங்கள் நீர் நிரம்பிப் புடைத்தன. கீழே பை வெறுமையாக இருந்தது. கட்டை அவிழ்த்ததும் பை நிறைந்தது. சிறுநீரகத்திலிருந்தே சிறுநீர் வருகிறது என்பது இவ்வாறு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது.

ஆனால் சிறுநீரகம் அதை எவ்வாறு பிரிக்கிறது? அது ஒரு சல்லடை என்ற கருத்தை ஜாலினூஸ் அறிந்திருந்தார், அறிந்தே மறுத்தார். 'இயற்கை ஆற்றல்கள்' என்னும் தம் நூலில் அவர் காட்டும் காரணம் கூர்மையானது. சிறுநீரகம் வெறும் சல்லடையாயின், பெருஞ்சிரையிலுள்ள இரத்தம் முழுவதும் அதற்குள் வந்தாக வேண்டும். வடிகட்டியில் திராட்சை மது முழுவதையும் ஊற்றினால்தானே மண்டி பிரியும் என்பது அவர் வாதம். அவர் அறிந்த உடலில் இரத்தம் கல்லீரலில் பிறந்து, சிரைகள் வழியே உறுப்புகளுக்குச் சென்று, அங்கேயே செலவாகிவிடும். எனவே இரத்தம் முழுவதும் சிறுநீரகத்துக்கு வருவது அவருக்கு இயலாத செய்தி. காந்தக்கல் இரும்பை இழுப்பதுபோல், தனக்குரிய நீர்ப்பகுதியை இரத்தத்திலிருந்து சிறுநீரகம் தானே இழுத்துக்கொள்கிறது என்று அவர் முடிவு கட்டினார். அந்த ஈர்க்கும் ஆற்றலே பிற்காலத்தில் 'அல்குவ்வத்துல் ஜாதிபா' ஆயிற்று.

பக்தாதிலிருந்து கெய்ரோவுக்கு

ஜாலினூஸின் இந்நூலை ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் அரபியில் தந்தார். ஈர்க்கும் ஆற்றல் ஜாதிபா, நிறுத்திவைக்கும் ஆற்றல் மாஸிகா, செரிக்கும் ஆற்றல் ஹாளிமா, வெளித்தள்ளும் ஆற்றல் தாஃபிஆ என நான்கு ஆற்றல்களும் அரபு மருத்துவத்தின் அடிப்படைச் சொற்களாயின. ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு ஸீனா தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலில், மிகுதியான நீர்ப்பகுதியிலிருந்து இரத்தத்தைத் தூய்மைப்படுத்தும் கருவியே சிறுநீரகம் என்று தெளிவுற எழுதினார். சிறுநீரகத்தின் பணி என்ன என்ற வினாவுக்கு இது சரியான விடையே. எவ்வாறு என்ற வினாவுக்கு அவர் கொண்ட விடை ஜாலினூஸின் ஈர்ப்புக் கொள்கைதான். நம் பழைய கட்டுரை செய்த பிழை, முதல் விடையைக் காட்டி இரண்டாவதையும் அவர் கணக்கில் சேர்த்ததே.

கானூனை நுணுகி ஆராய்ந்து, அதில் ஏற்கத் தகாததை ஏற்க மறுத்த ஒருவர் நம் மரபிலேயே தோன்றினார். திமிஷ்கில் கல்வி பெற்று, கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687இல் (கி.பி. 1288) மறைந்த இப்னுன் நஃபீஸே அவர். தம் வீட்டையும் நூல்களையும் மன்சூரி மருத்துவமனைக்கு விட்டுச் சென்றவர். இதயத்தின் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு நடுச்சுவரின் துளைகள் வழியே இரத்தம் செல்கிறது என்று ஜாலினூஸ் எழுதியதை இப்னு ஸீனாவும் ஏற்றிருந்தார். 'ஷரஹு தஷ்ரீஹில் கானூன்' என்னும் உரைநூலில் இப்னுன் நஃபீஸ் அதை மறுத்தார். அச்சுவரில் கண்ணுக்குத் தெரியும் துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. இரத்தம் நுரையீரலுக்குச் சென்று காற்றோடு கலந்தே இடப்புறத்தை அடைய வேண்டும் என்றார். எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவீ ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் 1924ஆம் ஆண்டு அளித்த ஆய்வேட்டின் வழியாகத்தான் இச்செய்தி நவீன உலகுக்குத் தெரிய வந்தது.

இப்னுன் நஃபீஸ் கண்டது நுரையீரல் வழிச் சுற்று மட்டுமே. உடல் முழுவதற்குமான சுற்றோட்டம் அன்று. சிறுநீரக வடிகட்டலும் அன்று. எனினும், ஜாலினூஸ் சல்லடையை மறுத்ததற்குக் காரணமாக இருந்த அந்தப் பழைய இரத்தக் கொள்கையின் ஒரு தூண் அவர் கையால் சாய்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

அளவு பேசத் தொடங்கியது

1628இல் வில்லியம் ஹார்வி இதயம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்த்தார். அரை மணி நேரத்திலேயே அது உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் விஞ்சியது. உண்ணும் உணவிலிருந்து இத்துணை இரத்தம் புதிதாகப் பிறக்க இயலாது. ஆகவே அதே இரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. ஜாலினூஸ் இயலாது என்று கருதியது இப்போது இயல்பாயிற்று. இரத்தம் முழுவதும் சிறுநீரகத்துக்கு வருகிறது. ஒரு முறையன்று, திரும்பத் திரும்ப வருகிறது.

1662இல் லொரென்சோ பெல்லினி என்னும் பத்தொன்பது வயது இத்தாலிய மாணவர், கெட்டியான சதை என எண்ணப்பட்ட சிறுநீரகம் நுண்குழாய்களின் தொகுதியே எனக் காட்டினார். 1666இல் மால்பீகி, தமனிக்குள் கருநிற நீர்மத்தைச் செலுத்தி, கிளைகளில் ஆப்பிள் பழங்கள் தொங்குவதுபோல் நுண்ணிய உருண்டைகள் தொங்குவதைக் கண்டார். இன்று கிளாமருலஸ் எனப்படும் இரத்தக்குழல் முடிச்சுகள் அவையே. அவற்றுக்கும் பெல்லினியின் குழாய்களுக்கும் உள்ள தொடர்பை மட்டும் அவரால் நிறுவ முடியவில்லை. அழுத்தம் என்பதும் அளக்கக்கூடியதாக மாறியது. 1733இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் வெளியிட்ட நூலில், ஒரு குதிரையின் தமனியில் பொருத்திய கண்ணாடிக் குழாயில் இரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்ற செய்தி பதிவாகியுள்ளது.

1842ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் திருப்புமுனை. லண்டனில் வில்லியம் பௌமன், ஒவ்வொரு முடிச்சையும் ஒரு கிண்ணம் சூழ்ந்திருப்பதையும், அக்கிண்ணமே நுண்குழாயாக நீள்வதையும் நிறுவினார். அதே ஆண்டு ஜெர்மனியின் மார்பர்க்கில், இருபத்தைந்து வயதான கார்ல் லுட்விக், சிறுநீர் பிரிவதற்குத் தனி ஆற்றல் எதுவும் தேவையில்லை, இரத்தத்தின் அழுத்தமே போதும் என்றார். முடிச்சுக்குள் நுழையும் குழல் அகன்றும் வெளியேறும் குழல் குறுகியும் இருப்பதால் உள்ளே அழுத்தம் உயர்ந்து நிற்கிறது. அது புரதமற்ற நீர்மத்தைச் சுவர் வழியே பிழிந்து கிண்ணத்துக்குள் தள்ளுகிறது. குழாயில் செல்லும்போது அதில் பெரும்பகுதி இரத்தத்துக்கே மீள்கிறது என்பது அவர் கொள்கை.

மீண்டும் ஒரு மறுப்பு

லுட்விக்கின் கொள்கை உடனே வென்றுவிடவில்லை. பிரெஸ்லாவ் நகரின் ருடால்ஃப் ஹைடன்ஹைன் ஒரு கணக்கைப் போட்டார். ஒரு நாளில் வெளியேறும் யூரியா முழுவதும் வடிகட்டலால் மட்டுமே வருவதாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 70 லிட்டர் நீர்மம் வடிக்கப்பட்டு, அதில் மிகப் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். இப்படியொரு வீண்வேலையை உடல் செய்யுமா என்று கேட்டு, சிறுநீரக உயிரணுக்களே சிறுநீரைச் சுரக்கின்றன என்றார். ஜாலினூஸ் எழுப்பிய அதே அளவின் மறுப்பு பதினேழு நூற்றாண்டுகள் கழித்து மறுவடிவம் எடுத்ததைப் பார்க்கின்றோம்.

விடையின் எஞ்சிய பாதியை லண்டனின் எர்னஸ்ட் ஸ்டார்லிங் தந்தார். இரத்தத்திலுள்ள புரதங்கள் நுண்குழல் சுவரைக் கடக்க இயலாமல் உள்ளேயே தங்கி, சவ்வூடு பரவலின் வழியே நீரைத் தம்பால் இழுத்து வைத்திருக்கின்றன என்பதை அவர் 1896இல் காட்டினார். தள்ளும் விசை ஒன்று; அதற்கு எதிராகப் பிடித்துவைக்கும் விசை மற்றொன்று; இரண்டின் வேறுபாடே நீர் எத்திசையில் செல்லும் என்பதைத் தீர்மானிக்கிறது. இரத்த அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் இறங்கியதும் சிறுநீர் நின்றுவிடுவதை 1899இல் சிறுநீரகத்திலேயே அவர் சோதித்துக் காட்டினார்.

கண்கூடான சான்று 1924இல் வந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வேர்னும் ரிச்சர்ட்ஸும், தவளையின் ஒரே ஒரு கிண்ணத்துக்குள் மிக நுண்ணிய கண்ணாடிக் குழலைச் செலுத்தி, அங்குள்ள நீர்மத்தை எடுத்துச் சோதித்தனர். அதில் சர்க்கரை இருந்தது, உப்பு இருந்தது, புரதம் இல்லை. அத்தவளையின் சிறுநீர்ப்பையில் இருந்த நீரிலோ சர்க்கரை இல்லை. முதலில் வடிகிறது, பிறகு வேண்டியது மீட்கப்படுகிறது என்பது ஐயமற நிலைபெற்றது. இப்னுன் நஃபீஸ் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்ததும் அதே 1924இல்தான்.

நான்கு எண்கள்

இன்றைய பாடநூல்கள் மனிதனுக்குத் தரும் மதிப்பீடுகள் இவை. முடிச்சுக்குள் இரத்தம் தள்ளும் அழுத்தம் ஏறத்தாழ 60 மி.மீ. பாதரசம். அதற்கு எதிராக, கிண்ணத்தில் ஏற்கெனவே உள்ள நீர்மம் 18 மி.மீ. அளவுக்கு எதிர்த்து நிற்கிறது. இரத்தப் புரதங்கள் 32 மி.மீ. அளவுக்கு நீரைப் பிடித்துவைக்கின்றன. எஞ்சுவது 10 மி.மீ. மட்டுமே. மனித முடிச்சில் இதை நேரடியாக அளந்ததில்லை. 1971இல் பிரென்னரும் அவருடைய குழுவினரும் எலியில் அளந்தபோது, தள்ளும் அழுத்தம் ஏறத்தாழ 45 மி.மீ. எனக் கண்டனர்.

இச்சிறு மிச்சமே நம்மை வாழவைக்கிறது. இரு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் நூற்றில் அரைப் பங்குகூட இல்லை. ஆயினும் இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே செல்கிறது. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் முடிச்சுகள் உள்ளன. நிமிடத்துக்கு 125 மில்லிலிட்டர் என, நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர்மம் வடிகிறது. உடலில் உள்ள பிளாஸ்மா மூன்று லிட்டர்தான் என்பதால், அது நாளொன்றுக்கு அறுபது முறை வடிக்கப்படுகிறது என்றாகிறது. வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவே. ஹைடன்ஹைன் 70 லிட்டரை நம்ப மறுத்தார். உண்மை அதனினும் இரு மடங்குக்கு மேல் பெரிதாக இருந்தது.

முடிச்சின் அமைப்பிலும் ஒரு தனித்தன்மை உண்டு. பிற உறுப்புகளின் தந்துகிகள் நுண்தமனியில் தொடங்கிச் சிரையில் முடிகின்றன. இதுவோ இரு நுண்தமனிகளுக்கு இடையில் அமைந்துள்ளது. உட்செல் குழல் சுருங்கினால் உள்ளே அழுத்தம் குறையும். வெளிச்செல் குழல் சுருங்கினால் கூடும். இரு மடைகளையும் திறந்தும் அடைத்தும் வாய்க்காலின் நீர்மட்டத்தைக் காப்பதுபோல, உடலின் இரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும் முடிச்சின் அழுத்தத்தைச் சிறுநீரகம் பெரும்பாலும் சீராக வைத்துக்கொள்கிறது.

அச்சீர்மைக்கும் எல்லை உண்டு. பெருமளவில் இரத்தம் இழந்தவருக்கும் வாந்திபேதியால் நீர் வற்றியவருக்கும் சிறுநீர் நின்றுபோவது தள்ளும் விசை தளர்வதால்தான். கல்லோ வீங்கிய சுரப்பியோ பாதையை அடைத்தால் கிண்ணத்தின் எதிரழுத்தம் ஏறி வடிகட்டல் மங்குகிறது. ஜாலினூஸ் கட்டிய கட்டும் இதையே செய்திருக்கும். நீரிழிவு நோயில் நேர்வது மறுபுறம். உட்செல் குழல் விரிந்து முடிச்சில் அழுத்தம் மிகுகிறது. தொடக்கத்தில் வடிகட்டல் கூடுகிறது. காலப்போக்கில் முடிச்சுகள் தழும்பேறி மடிகின்றன. வெளிச்செல் குழலைத் தளர்த்தும் கேப்டோபிரில் என்னும் மருந்து நீரிழிவு நோயாளரின் சிறுநீரகச் சிதைவை மெதுவாக்குகிறது என்று 1993இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. நம் சமூகத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பொருட்படுத்தாது இருந்து, டயாலிஸிஸ் படுக்கையில்தான் சிறுநீரகத்தின் அருமையை அறிவோர் பலர். வலியின்றி நிகழும் சேதம் இது. அழுத்தத்தை அளந்து பார்ப்பவருக்கே முன்கூட்டித் தெரியும்.

திருத்தம்

இனி அம்மாணவருக்கான விடை. ஈர்ப்பதும் தள்ளுவதும் ஒன்றல்ல. சிறுநீரகத்தில் ஓர் ஈர்ப்பு உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அது சிறுநீரகத்தின் ஈர்ப்பன்று, இரத்தப் புரதங்களின் ஈர்ப்பு. நீரை வெளியே கொணர்வதற்கு மாறாக, உள்ளே நிறுத்திவைக்கவும், வடிந்ததை மீட்கவும் அது உதவுகிறது. இதைக் கண்டதும் 'மாஸிகா என்று முன்னோர் சொன்னது இதுவே' என எழுதிவிடும் ஆவல் நமக்கும் எழத்தான் செய்தது. சொல் ஒத்திருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. முன்னோர் கூறியது உறுப்பின் உள்ளார்ந்த ஆற்றல். ஸ்டார்லிங் அளந்தது புரதத்தின் விசை.

முன்னோரைப் போற்றுவதற்கு அவர்கள் சொல்லாததை அவர்கள் வாயில் வைக்கத் தேவையில்லை. இப்னுன் நஃபீஸ் கானூனுக்கு உரை எழுதியவர். அதன் ஆசிரியரை மதித்தவர். அம்மதிப்பே, தவறெனக் கண்ட இடத்தில் தவறென்று எழுதவும் அவருக்குத் துணிவளித்தது. அன்று மலரில் நாம் எழுதிய வாக்கியத்தை இங்கே திரும்பப் பெற்றுக்கொள்கின்றோம். சிறுநீரகத்தின் பணி இன்னது என்று இப்னு ஸீனா சரியாக உரைத்தார். அது நடைபெறும் விதத்தைப் பின்வந்த பல நாட்டினர், பல சமயத்தினர், ஒருவரையொருவர் திருத்தியே கண்டறிந்தனர். நம்மைத் திருத்திய மாணவருக்கு நம் நன்றி உரித்தாகுக.